3 மில்லிமீட்டர்: யார் கைக் கணக்கு?

கபடி ஆடுகிற பையன். ரெய்டு போய்த் திரும்பும்போது கால் மடங்கி, முழங்காலுக்குள் 'டப்' என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் பந்து மாதிரி வீக்கம். என்னிடம் வந்தபோது இரண்டு ரிப்போர்ட் வைத்திருந்தான். இழுத்தால் கெண்டைக்கால் எலும்பு எவ்வளவு முன்னால் நகர்கிறது என்று அளந்தது. நல்ல காலுக்கும் அடிபட்ட காலுக்கும் வித்தியாசம் ஒன்றில் 2 மி.மீ., மற்றதில் 5 மி.மீ. அந்த எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைக்கிற, நாங்கள் ஏசிஎல் என்று சொல்கிற முன் சிலுவை ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, பொதுவாக 3 மி.மீ. வித்தியாசத்தைத்தான் கோடாகக் கிழித்திருக்கிறோம். இவன் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இருக்கிறான், அந்தப் பக்கமும் இருக்கிறான். "ஜவ்வு போயிடுச்சா இல்லையா சார்?" என்று கேட்டான்.

பதினைந்து வருடமாக முழங்கால்களை இழுத்துப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். எந்தக் கருவியில் அளந்தார்கள், எத்தனை விசையில் இழுத்தார்கள் என்றுதான் முதலில் தேடினேன். இரண்டு தாளிலும் இல்லை.

கருவிகளுக்கு முன்னால் கை. படுக்க வைத்து, முழங்காலை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் மேல்பகுதியை முன்னால் இழுக்கிற பரிசோதனைக்கு லாக்மன் என்று பெயர். பிலடெல்பியா டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்மன் செய்துவந்ததை ஜோசப் டார்க் 1976-இல் எழுதி வெளியிட்டார். இதில் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட எப்படி நிற்கிறது என்பதுதான் விஷயம். மாட்டின் கயிறு விறைத்தது போல 'டக்'கென்று நின்றால் ஜவ்வு இருக்கிறது. எங்கே நின்றது என்றே தெரியாமல் குழகுழவென்று முடிந்தால் சந்தேகம்தான். இந்த 'டக்'கை எந்த டயலும் காட்டாது. ஆனால் என் கைக்குத் தெரிந்ததை ஆறு மாதம் கழித்து இன்னொருவருக்குச் சொல்ல எண் வேண்டும். கருவிகள் வந்தது அதற்காக.

எல்லாரும் ஒப்பிடுகிற அளவுகோல் கேடி-1000 என்ற கருவி. சான் டியாகோவில் டேல் டேனியல் குழுவினர் 1980-களில் கொண்டுவந்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் வெல்க்ரோ பட்டையால் கட்டுவார்கள். ஒரு திண்டு முழங்கால் சில்லின் மேல், இன்னொன்று அதற்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்தில். கைப்பிடியை இழுத்தால் இரண்டு திண்டுக்கும் நடுவே எவ்வளவு நகர்ந்தது என்று டயல் காட்டும். 15, 20, 30 பவுண்டில் 'பீப்' அடிக்கும். 30 பவுண்டு என்றால் 134 நியூட்டன். 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். விசை தெரியும் என்பது பெரிய பலம். பலவீனம், இழுப்பது இன்னும் கைதான். சில்லை அழுத்தும் கை கொஞ்சம் நழுவினாலும், நோயாளி பயந்து தொடையின் பின்தசையை இறுக்கினாலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். பையனின் 2 மி.மீ. அப்படிக் குறைந்தது என்பது என் ஊகம். நான் தொட்டபோதுகூட அந்தத் தசை கல்லாக இருந்தது.

ரோலிமீட்டர் இதன் ஏழைத் தம்பி. மின்சுற்று எதுவும் கிடையாது, பையில் போட்டுக்கொண்டு போகலாம், கிருமி நீக்கி அறுவை அரங்குக்குள்ளும் கொண்டுபோகலாம். விசை அளக்காது; முடிந்தமட்டும் இழு, ஊசி எங்கே நிற்கிறது பார், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது இது. ஒரே ஆள் இரண்டு காலையும் ஒரே மாதிரி இழுத்தால் வித்தியாசம் நம்பும்படிதான் வருகிறது. ஆள் மாறினால் நம்பாதீர்கள்.

பிரான்சில் உருவான ஜிஎன்ஆர்பி என்ற கருவி, இழுக்கும் கையையே விலக்கிவிடுகிறது. காலைத் தொட்டி போன்ற ஒன்றில் வைத்துப் பாதத்தைக் கட்டி, மோட்டார் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து தள்ளும். 134 நியூட்டனுக்கு மேலும் போகலாம். விசை ஏற ஏற எலும்பு எவ்வளவு நகர்கிறது என்று வளைகோடாக வரைந்துவிடும். அரைகுறையாகக் கிழிந்த ஜவ்வைக் கண்டுபிடிக்க அந்தக் கோட்டின் சாய்வு உதவும். பெரிய சாதனம், பெரிய விலை. சில்லின் மேல் கவசத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணும் நகரும். கை போனாலும் கட்டுகிற ஆள் போகவில்லை.

இவை மூன்றும் தடுக்கி விழும் குழி ஒன்று உண்டு. பின் சிலுவை ஜவ்வு கிழிந்தால் கெண்டைக்கால் எலும்பு தானாகவே பின்னால் தொங்கிவிடும். அங்கிருந்து இழுக்கும்போது முதல் சில மில்லிமீட்டர், எலும்பு தன் சொந்த இடத்துக்குத் திரும்புவதுதான். டயலுக்கு அது தெரியாது; முன் ஜவ்வு கிழிந்த மாதிரி எண்ணைக் கொடுத்துவிடும். பைக்கிலிருந்து முழங்கால் மோதி விழுந்தவர்களை நான் அளப்பதற்கு முன், இரண்டு முழங்காலையும் 90 டிகிரி மடக்கிப் பக்கவாட்டில் குனிந்து பார்ப்பது இதனால்தான். ஒரு கால் பள்ளமாகத் தெரிந்தால் கருவியைக் கீழே வைத்துவிடுவேன். அந்த இடத்தில் டெலோஸ் என்ற கருவி நன்றாக வேலை செய்யும். சட்டத்தில் காலை மாட்டி, 15 கிலோ அளவு விசை கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து எலும்புக்கும் எலும்புக்கும் அளப்பது. தோலும் சதையும் நடுவில் வந்து ஏமாற்றாது. கதிர்வீச்சும் நேரமும்தான் இடைஞ்சல்.

மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதற்கு கோணம் அளக்கும் வெறும் கோனியோமீட்டர் போதும். 5 டிகிரிக்குள் வரும் மாற்றத்தைக் கொண்டாடவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம்.

விளையாட்டுக்காரன் சொல்கிற "கால் வழுக்கி விடுது சார்" என்பது முன்பின் நகர்வு அல்ல, திருகல். மேலே சொன்ன எதுவும் அதை அளக்காது. அதற்கு, காலைத் திருகியபடி மடக்கிப் பார்க்கிற பிவட் ஷிப்ட் என்ற கைப் பரிசோதனை இருக்கிறது. அதை எண்ணாக்க, கெண்டைக்காலில் முடுக்கமானி (வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்று அளப்பது) கட்டும் கிரா போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. விழித்திருக்கும் நோயாளி அந்தத் திருகலுக்குக் காலைத் தளர்த்திக் கொடுப்பது அபூர்வம். மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் காலின் உண்மை தெரியும்.

பையனைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். வீக்கம் வடிந்து, பின்தசை இளகியிருந்தது. கையில் 'டக்' இல்லை. ரோலிமீட்டரில் வித்தியாசம் 6 மி.மீ. "ரோலிமீட்டர், முழு விசை, 25 டிகிரி, இருபுறமும் ஒரே ஆள்" என்று எழுதி, எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு சர்ஜனைப் பார்க்க அனுப்பினேன்.