வேப்பேரி மாட்டாஸ்பத்திரி: குட்டிக்கு பேதின்னா நாள் கடத்தாம இங்க வந்துடுங்க

சென்னை மாத்தூர்ல வீட்டுக்குப் பின்னாடி ஏழு ஆடு வெச்சிருக்கோம். போன மழைல ரெண்டு மாச கிடா குட்டிக்கு பேதி புடிச்சிக்கிச்சு, மொத நாள் புழுக்கை களி மாதிரி இருந்துச்சு, மறுநாள் தண்ணியா போயி வாலெல்லாம் ஒட்டிக்கினு நடுநடுவுல ரத்தம் வேற. ஏரியா மெடிக்கல்ல மனுசங்க போடற பேதி மாத்திரைய பாதி ஒடச்சி குடுங்கன்னாங்க, நானும் நம்பி குடுத்துட்டேன். அந்த தப்ப நீங்க பண்ணாதீங்க. பேதி நின்ன மாதிரி நின்னு வயிறு உப்பிக்கிச்சு, தாய் கூப்புட்டா கூட குட்டி தலைய தூக்கல.

விடிஞ்சதும் கோணில சுத்தி மடில வெச்சிக்கினு ஆட்டோல மூலக்கடை, வியாசர்பாடி வழியா வேப்பேரிக்கு ஓடுனோம். 1903ல ஆரம்பிச்ச கால்நடை காலேஜோட ஆஸ்பத்திரி இது, நாய் பூனைக்கு தனி, ஆடு மாட்டுக்கு தனி, அதனால நம்ம ஆடு மிரளாது.

ஊசி போட்டு அனுப்பிடுவாங்கன்னுதான் நெனச்சேன். டாக்டர் அம்மா கட்டைவிரலால கீழ் இமைய இழுத்து என்னையும் பாக்கச் சொன்னாங்க. "இது வெளுத்து கெடந்தா ரத்தம் குடிக்கிற புழு இருக்கலாம்ணா, இதுக்கு செவப்பாதான் இருக்கு." கழுத்துத் தோல புடிச்சி விட்டாங்க, மடிப்பு அப்படியே நின்னுச்சு, ஒடம்புல தண்ணியே இல்ல. ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வெச்சா 100. ஆட்டுக்கு 102, 103 இருக்கணுமாம், இப்படி ஜில்லுன்னு கெடக்கறப்ப பால் ஊத்தாதீங்க, செரிக்காது, மொதல்ல ஒடம்ப சூடு பண்ணுங்கன்னாங்க. அப்புறம் புழுக்கைய மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு வந்து காக்சிடியான்னு சொன்னாங்க, கொடல்ல வளர்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியாம். ஈரத் தரைல புழுக்கை கலந்த தீனிய திங்கறதால குட்டிங்களுக்கு வர்றது, மாத்திரைல பேதிய அடைக்கறது இதுக்கு வைத்தியமே இல்லயாம்.

குளுக்கோஸ் ஏத்துனாங்க, அஞ்சு நாளைக்கு மருந்து எழுதுனாங்க. வீட்டுக்கு வந்து ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்ட ஒரு லிட்டர் தண்ணில கலக்கி ஊசி இல்லாத சிரிஞ்சுல ரெண்டு மணிக்கொருவாட்டி குடுத்தோம். இத எப்படி குடுக்கணும்னு அவங்க கைய புடிச்சி காட்டுனாங்க பாருங்க, அதுக்கே எத்தன ஸ்டார் வேணா குடுப்பேன்: வாயோரமா விட்டு கொஞ்சம் கொஞ்சமா தள்ளணும், தலைய அண்ணாந்து புடிச்சா தண்ணி நுரையீரலுக்கு போயிடும். நான் இத்தன வருசமா அண்ணாந்து புடிச்சிதான் ஊத்திக்கினு இருந்தேன்.

போறவங்க புழுக்கைய ஒரு சின்ன டப்பால எடுத்துனு போங்க, அங்க போயி குட்டி எப்ப போடும்னு காத்துனு நிக்கறது பெரிய அவஸ்தை. மத்த குட்டிங்களுக்கும் சேத்து கேட்டு மருந்து வாங்கிக்கங்க. நாங்க கொட்டாய்ல பலகை அடிச்சி தரைய ஒசத்திட்டோம், தழைய கீழ போடாம கட்டித் தொங்க விடறோம்.

நாலாவது நாள் காலைல கொட்டாய்ல டார்ச் அடிச்சி பாத்தேன், கருப்பா உருண்டையா பத்து பன்னெண்டு புழுக்கை கெடந்துச்சு, எங்கம்மாவ எழுப்பி காட்டுனேன்.