சார்லி காஃப்மன்: பிறர் இயக்கிய திரைக்கதை, சொந்த இயக்கம், நாவல்

அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சார்லி காஃப்மனின் எழுத்து மூன்று வழிகளில் நம்மை வந்தடைகிறது: பிறர் இயக்குவதற்காக அவர் எழுதிய திரைக்கதைகள், அவரே இயக்கிய படங்கள், 2020இல் வெளியான ‘ஆன்ட்கைண்ட்’ என்ற நாவல். மறதி, முதுமை, தன்னையே சகித்துக்கொள்ள முடியாத ஆண் என்று அவருடைய கவலைகள் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கற்பனைக்குக் கடிவாளம் போடுகிறவர் யார் என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. ஆகவே அதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவரை உலகம் திரும்பிப் பார்த்தது 1999இல் வந்த ‘பீயிங் ஜான் மால்கோவிச்’ படத்தால். ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. ஒரு நடிகரின் தலைக்குள் புகுந்து, கால் மணி நேரம் அவராக இருந்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து விழுகிறார்கள் என்ற கதையை ஜோன்ஸ் எந்த அலங்காரமும் இல்லாமல், அன்றாட நிகழ்வைப் போலப் படமாக்கியதால்தான் அது நம்பும்படியாக இருந்தது. மிஷெல் கோன்ட்ரி இயக்கிய ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்’ (2004) இதற்கு இன்னும் தெளிவான சான்று. பிரிந்த காதலர் இருவர், ஒருவரைப் பற்றிய நினைவை மற்றவர் அழித்துக்கொள்ளும் கதை அது. முதலில் எழுதப்பட்ட பிரதியில் எதிர்காலத்தில் நடக்கும் காட்சிகள் இருந்தன. கதாநாயகி கிழவியான பின்பும், அதே காதலனை நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் அழித்துக்கொண்டிருப்பாள். படத்தில் அது இல்லை. நடந்ததெல்லாம் தெரிந்த பிறகும் இருவரும் குடியிருப்பின் தாழ்வாரத்தில் நின்று ‘சரி’ என்று சொல்லிக்கொள்வதோடு நாடகம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. எழுத்தாளரின் கசப்பை ஓரளவு குறைத்த இந்த மாற்றமே படத்தை இருபது ஆண்டுகள் தாண்டியும் நிற்க வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. அந்தப் படத்தின் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதை காஃப்மன், கோன்ட்ரி, பியர் பிஸ்முத் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் இந்த வழியில் எழுத்தாளருக்கு உரிமை இல்லை. ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கு எழுதப்படும் திரைக்கதை பொதுவாகக் கூலிக்குச் செய்த வேலையாகவே கருதப்படும்; பதிப்புரிமை ஸ்டுடியோவுக்குப் போய்விடும். ஜார்ஜ் குளூனி இயக்கிய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ டேஞ்சரஸ் மைண்ட்’ (2002) படத்தில் தன் எழுத்து மாற்றப்பட்ட விதம் குறித்து காஃப்மன் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். அதே ஆண்டில் வந்த ‘அடாப்டேஷன்’ படத்துக்காக, அவர் கற்பனையில் உருவாக்கிய டொனால்ட் என்ற இரட்டைச் சகோதரனின் பெயரும் அவர் பெயரோடு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஏறியது என்பது வேறு வேடிக்கை.

இரண்டாவது வழி ஓரளவு தற்செயலாகத் திறந்தது. ‘சினெக்டகி, நியூயார்க்’ படத்தை ஜோன்ஸ்தான் இயக்குவதாக இருந்தது. அவர் வேறு படத்துக்குப் போய்விடவே காஃப்மன் தானே இயக்குநரானார். 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் அது திரையிடப்பட்டது. பெரும் பரிசுத்தொகை பெற்ற ஒரு நாடக இயக்குநர், கிடங்கு ஒன்றுக்குள் நியூயார்க் நகரையே கட்டியெழுப்பி, தன் வாழ்க்கையை நடிக்க ஆட்களையும், அந்த ஆட்களாக நடிக்க வேறு ஆட்களையும் பல பத்தாண்டுகள் அமர்த்திக்கொண்டே போகிறார். இரண்டாம் பாதி இழுக்கிறது. ஜோன்ஸாக இருந்தால் வெட்டியிருப்பார். வெட்டியிருந்தால் படமே இல்லாமல் போயிருக்கும், ஏனெனில் எங்கே நிறுத்துவதென்று தெரியாத மனிதனைப் பற்றிய கதை அது. பத்தாண்டின் தலைசிறந்த படம் என்று அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அதைத் தேர்ந்தெடுத்தார். சந்தையோ வேறு தீர்ப்பு எழுதியது: சுமார் 2 கோடி டாலர் செலவில் கால் பங்குகூடத் திரையரங்குகளில் திரும்பவில்லை. விளைவாக, அடுத்து அவர் இயக்க எழுதிய இசைப்படத்துக்குப் பணம் திரளவில்லை. டியூக் ஜான்சனுடன் சேர்ந்து இயக்கிய பொம்மை அசைவூட்டப் படமான ‘அனோமலிசா’ 2015இல்தான் வந்தது. அதன் தொடக்க மூலதனம், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் பொதுமக்கள் போட்ட 4 லட்சத்துச் சொச்சம் டாலர். இயக்குநர் நாற்காலி உரிமையைத் தருகிறது என்பது பாதி உண்மைதான். அதில் மறுபடி உட்கார யாராவது பணம் போட வேண்டும்.

நாவலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘ஆன்ட்கைண்ட்’ 700 பக்கங்களைத் தாண்டுகிறது. ரோசன்பெர்கர் ரோசன்பெர்க் என்ற திரை விமர்சகன், ஒரு முதியவர் 90 ஆண்டுகள் தனியாக உழைத்து உருவாக்கிய, பார்த்து முடிக்க மூன்று மாதம் பிடிக்கும் படத்தைக் காண்கிறான். பிறகு அது தீயில் அழிந்து படச்சுருளில் ஒரே ஒரு சட்டகம் மிஞ்ச, முழுவதையும் நினைவிலிருந்து மீட்கப் போராடுகிறான். எந்தத் தயாரிப்பாளரும் தொடத் துணியாத இந்தப் படம் நாவலில் சில வாக்கியச் செலவில் உருவாகிவிடுகிறது. அந்த விமர்சகனுக்கு அறவே பிடிக்காத திரை எழுத்தாளர் சார்லி காஃப்மன். நாவலில் நான் வாய்விட்டுச் சிரித்த இடங்கள் பெரும்பாலும் அவைதான். ஆயினும் தடுப்பார் இல்லாத இடத்தில் அதே நகைச்சுவை பத்தாம் முறையும் வருகிறது. திரையரங்கில் இரண்டு மணி நேர எல்லை செய்த வேலையை இங்கே வாசகரின் சலிப்பு செய்ய வேண்டியிருக்கிறது. நான் இரண்டு முறை பாதியில் மூடி வைத்தேன்.

எனவே புதிதாக வருகிறவர் கோன்ட்ரியின் படத்தில் தொடங்குவது நல்லது. காஃப்மன் மட்டுமே செய்யக்கூடியது எது என்று கேட்பவருக்கு ‘சினெக்டகி’. அதன் பின்பாதி இன்னும் நீளாதா என்று ஏங்கியவர் யாரேனும் இருந்தால், அவருக்காகவே எழுதப்பட்டது நாவல். காஃப்மனோ ஒரே வழியில் தங்கிவிடவில்லை. நாவல் வந்த ஆண்டிலேயே நெட்ஃப்ளிக்ஸுக்காக ஒரு படத்தை இயக்கியவர், 2024இல் ‘ஓரியன் அண்ட் த டார்க்’ என்ற சிறுவர் அசைவூட்டப் படத்துக்குத் திரைக்கதை மட்டும் எழுதினார். அதை இயக்கியவர் வேறொருவர்.