ஜி கார்டு, எச் கார்டு, காவல்துறைச் சான்று: சுங்கப் பகுதி ஊழியருக்கான அடையாள ஏற்பாடு பற்றிய ஒரு மதிப்பீடு

இறக்குமதி, ஏற்றுமதி செய்வோர் சார்பாகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தருவது சுங்கத் தரகரின் தொழில். சென்னையில் இயங்கும் அப்படிப்பட்ட சிறிய தரகு நிறுவனம் ஒன்றில், ஊழியர்களுக்குக் காவல்துறைச் சான்று, சுங்க அடையாள அட்டை, துறைமுக நுழைவு அனுமதி ஆகியவற்றைப் பெற்றுத் தரும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கைபேசிக்கும் பிரியாணிக் கடைக்கும் மதிப்புரை எழுதக் குறைவே இல்லை. ஆனால் ராஜாஜி சாலை சுங்க மாளிகையிலும், துறைமுகத்திலும், மணலி சுற்றுவட்டாரத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களிலும் நாள் முழுவதும் நடையாய் நடக்கும் ஊழியர்களின் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பற்றி, அதைப் பெறுவது எப்படி இருக்கிறது, பெற்றபின் அது எதற்கு உதவுகிறது என்று எவரும் எழுதி நான் படித்ததில்லை. இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களையும், என்னைப் போல் அலுவலகத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டையின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, உரிமம் பெற்றவர்தாம் சுங்கத் தரகராகச் செயல்படலாம் என்கிறது. அதன்கீழ் 2018 மே 14 அன்று வெளியான சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகள் இப்போது நடைமுறையில் உள்ளன. முன்பிருந்த 2013ஆம் ஆண்டு விதிகளின் இடத்துக்கு இவை வந்தன. தரகரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு எஃப், ஜி, எச் என்று மூன்று வகைப் புகைப்பட அடையாள அட்டைகள் உண்டு. தரகர் உரிமத்துக்கான தேர்விலேயே தேறியவர்களுக்கு எஃப் கார்டு. ஊழியர்களுக்கென்று சுங்க அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறியவர்களுக்கு ஜி கார்டு. அத்தேர்வில் இன்னும் தேறாத உதவியாளர்களுக்கு எச் கார்டு. ஊழியர் குறைந்தது பிளஸ் டூ படித்திருக்க வேண்டும். அவரைப் பணியமர்த்துவதற்குச் சுங்கத் துணை ஆணையர் அல்லது உதவி ஆணையரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் தரும் அதிகாரி அந்நபரின் முன்வரலாற்றையும் நடத்தையையும் கருத்தில் கொள்ள வேண்டும். சுங்க வளாகத்தில் பணி செய்யும்போதெல்லாம் அட்டை கையில் இருக்க வேண்டும், எந்தச் சுங்க அதிகாரி கேட்டாலும் காட்ட வேண்டும்.

அட்டையை ஒரு பொருளாக மட்டும் பார்த்தால் எனக்குத் திருப்தி இல்லை. எங்கள் ஊழியர்களிடம் இருப்பவை புகைப்படம், பெயர், தரகரின் பெயர், உரிம எண், அதிகாரியின் கையெழுத்து, முத்திரை ஆகியவற்றைக் கொண்ட லேமினேஷன் செய்த அட்டைகள். கருவியால் படிக்கக்கூடிய சில்லு இவற்றில் இல்லை. வாயிலில் நிற்பவர் புகைப்படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டக நிலையத்தின் வெயிலில் ஒரு கோடையைக் கழித்த அட்டையில் லேமினேஷனின் ஓரம் பிரிந்துவிடுகிறது. அந்த வழியே வியர்வை இறங்கிக் கையெழுத்தின் நீல மை பரவுகிறது. புகைப்படத்தில் நெற்றியும் மீசையும் மட்டும் எஞ்சிய அட்டை ஒன்றை எங்கள் மூத்த ஊழியர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அவரைத் தெரியாத காவலர் கிடையாது என்பதால் அது செல்லுபடியாகிறது. அடையாள அட்டையை ஆளைக் கொண்டு நம்ப வேண்டிய நிலை வந்துவிட்ட பிறகு, அட்டை எதற்கு என்ற கேள்வி எழாமல் இல்லை.

இந்த ஏற்பாட்டில் நான் மனமாரப் பாராட்டும் பகுதி, தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவை. முன்பெல்லாம் நன்னடத்தைச் சான்று வேண்டுமென்றால் நிலையத்தில் போய் நின்று, எழுத்தரைப் பார்த்து, ஆய்வாளர் எப்போது வருவார் என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது காவல்துறையின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, புகைப்படத்தையும் முகவரி ஆதாரத்தையும் பதிவேற்றி, பணத்தை அங்கேயே கட்டிவிடலாம். தனிநபர் தமக்காக விண்ணப்பித்தால் கட்டணம் 500 ரூபாய். நிறுவனம் தன் ஊழியருக்காக விண்ணப்பித்தால் 1,000 ரூபாய். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடிகிறது, சான்றையும் இணையத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருப்பவனுக்கு இது பெரிய நிம்மதி. முகவரியைச் சரிபார்க்கக் காவலர் வரும் நாளில் ஊழியர் வீட்டில் இருப்பதும், படிவத்தில் எழுதிய முகவரியும் ஆதார் அட்டையில் உள்ள முகவரியும் ஒன்றாக இருப்பதும்தான் இங்கு முக்கியம். மேன்ஷனிலும் நண்பர்களோடு வாடகை அறையிலும் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இந்த இரண்டாவது நிபந்தனைதான் தலைவலி. வாடகை ஒப்பந்தம் வீட்டில் தங்கியிருக்கும் நால்வரில் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும். மற்ற மூவரும் எங்கே வசிக்கிறார்கள் என்பதைக் காகிதத்தால் நிறுவ முடியாது.

சரி, சான்று வந்துவிட்டது. அது என்ன சொல்கிறது? அந்த முகவரியில் அந்த நபர் வசிக்கிறார், தமிழ்நாட்டுக் காவல்துறையின் பதிவேடுகளின்படி அவர்மீது வழக்கு உண்டு அல்லது இல்லை என்பதைச் சொல்கிறது. சொந்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்தால், அங்குள்ள காவல்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும். முந்தைய நிறுவனத்தில் ஏன் வேலையை விட்டார், அங்கே சரக்குத் தொடர்பாக ஏதேனும் விசாரணை நடந்ததா என்பதெல்லாம் காவல்துறைச் சான்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சுங்கப் பகுதியில் நடக்கக்கூடிய தவறுகளின் தன்மையை நினைத்துப் பார்த்தால், அந்தக் கேள்விகளுக்கான விடைதான் அதிகம் பயன்படும். அடிதடி வழக்கில் பெயர் இல்லாத ஒருவர், பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தில் சரக்கின் விவரத்தை மாற்றி எழுதத் துணை போகமாட்டார் என்று எந்தக் காவல் நிலையமும் உறுதி தர முடியாது. அந்தப் பழைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, பழகிய ஒருவரிடம் நாலு வார்த்தை விசாரிப்பதுதான் இத்துறையில் உண்மையான பின்புலச் சோதனையாக இருக்கிறது. விதிகளும் தரகரைத்தான் பொறுப்பாக்குகின்றன: ஊழியர் பணிக்காலத்தில் செய்வது, செய்யத் தவறுவது அனைத்துக்கும் தரகரே பொறுப்பு.

மற்றொரு குறை, முன்வரலாறு என்ற சொல்லுக்கு விதிகள் எல்லை வகுக்காமல் விட்டிருப்பது. எந்த வழக்கு இருந்தால் அட்டை கிடையாது, எத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய தண்டனை கணக்கில் வரும் என்ற பட்டியல் இல்லை. பொதுக்கூட்டத்தில் சாலை மறியல் செய்து கைதான வழக்கு ஒருவருக்குத் தடையாகுமா, ஆகாதா என்பது முழுக்க அதிகாரியின் மதிப்பீட்டைப் பொறுத்தது. நல்ல அதிகாரி வாய்த்தால் விளக்கம் கேட்டு முடித்துவிடுவார். இல்லாவிட்டால் கோப்பு மேசையிலேயே கிடக்கும், மறுப்பு என்றும் எழுதப்படாது, ஒப்புதல் என்றும் எழுதப்படாது.

இந்த இடத்தில் அமெரிக்க நடைமுறையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் அட்டையை நிறுவனத்தோடு கட்டும் மாதிரி, தொழிலாளியின் பெயருக்கே தரும் மாதிரி ஆகிய இரண்டும் அங்கே அருகருகே இருக்கின்றன. பன்னாட்டு விமான நிலையங்களில் சுங்கப் பாதுகாப்புப் பகுதிக்குள் துணையின்றிச் சென்றுவரும் தொழிலாளி, தம் விமான நிலைய அட்டைமேல் சுங்கத் துறையின் தனி முத்திரையைப் பெற வேண்டும். அதற்கு அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் எழுத்துமூலம் கோர வேண்டும், பின்புலத்தை விசாரித்ததாக உறுதியளிக்க வேண்டும், பிணைப்பத்திரமும் தர வேண்டும். நம் ஜி கார்டைப் போலவே அது நிறுவனத்தோடு கட்டப்பட்டது. அந்நாட்டுத் துறைமுகங்களின் பாதுகாப்புப் பகுதிகளிலோ, 2002ஆம் ஆண்டுக் கடல்வழிப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாக வந்த ட்விக் என்னும் அட்டை தொழிலாளியின் பெயருக்கே வழங்கப்படுகிறது. கைரேகை எடுத்துப் பின்புலத்தைச் சோதித்த பிறகு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முதலாளி மாறினாலும் அட்டை மாறாது. உளவு, தேசத்துரோகம் போன்றவற்றுக்கு நிரந்தரத் தடை. கடத்தல், மோசடி உள்ளிட்ட வேறு சில குற்றங்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு 7 ஆண்டுகள், சிறையிலிருந்து வெளிவந்து 5 ஆண்டுகள் என்று கணக்கு உண்டு. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம், விலக்கும் கோரலாம். கட்டணம் 100 டாலருக்கு மேல் என்பதும், பெரும்பாலும் அது தொழிலாளியின் பையிலிருந்தே போகிறது என்பதும் அதன் மறுபக்கம். நம் சான்றின் 500 ரூபாய் அதன் பக்கத்தில் மலிவுதான்.

ட்விக்கைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், நம் அட்டையில் என்னை மிகவும் உறுத்தும் குறை அதில் இல்லை என்பதே. நம் நடைமுறையில் ஒருவர் ஜி கார்டுத் தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால், வேறு தரகரிடம் சேரும்போது அத்தேர்வை மறுபடி எழுதத் தேவையில்லை. ஆனால் அட்டை பழைய தரகரின் பெயரில் இருப்பதால் அதை ஒப்படைத்துவிட்டு, புதிய தரகரின் விண்ணப்பம், புதிய காவல்துறைச் சான்று, புதிய ஒப்புதல் என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. சுங்கச் சட்டத்தில் அவருக்குள்ள அறிவு புதிய நிறுவனத்துக்கு அவருடனே வருகிறது. இத்தனை ஆண்டு ஒழுங்காக வேலை பார்த்தார் என்ற நற்பெயர் மட்டும் பழைய அட்டையோடு ரத்தாகிவிடுகிறது. இடைப்பட்ட வாரங்களில் அவரால் சுங்க வளாகத்தில் வேலை பார்க்க முடியாது. சம்பளம் தருவதா வேண்டாமா என்று புதிய முதலாளி யோசிப்பார். நான் பார்த்தவரை, நல்ல சம்பளத்துக்கு அழைப்பு வந்தும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலரும் இந்த இடைவெளிக்கு அஞ்சியவர்களே. 2021இல் தரகர்களின் உரிமத்தையே ஆயுட்காலத்துக்கும் செல்லுபடியாக்கி, அவ்வப்போது புதுப்பிக்கும் தொல்லையை நீக்கினார்கள். முதலாளிக்குக் கிடைத்த அந்தச் சலுகையில் கால்வாசியாவது ஊழியருக்கும் கிடைத்திருக்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு ஓட்டை உண்டு. வேலையை விட்டுப் போனவர் அட்டையை ஒப்படைக்காமலே போய்விட்டால் என்ன ஆகும்? தரகர் எழுத்துமூலம் தெரிவித்தால் சுங்கத் துறையின் பதிவில் அட்டை ரத்தாகும். பெட்டக நிலையத்தின் வாயிலில் நிற்கும் தனியார் காவலரிடம் அந்தப் பதிவு இருக்காது. 2009ஆம் ஆண்டுச் சரக்குக் கையாளல் ஒழுங்குமுறைகளின்படி, அனுமதியற்றவர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் கடமை. அந்நிறுவனம் அந்தக் கடமையை நிறைவேற்ற, நேற்று ரத்தான அட்டைகள் எவை என்பது இன்று காலை வாயிலில் தெரிய வேண்டும். நான் சென்ற ஒரு நிலையத்தில் பார்வையாளர் பதிவேட்டில் பெயர், அட்டை எண், உள்ளே போன நேரம் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு வழி இல்லை. கையெழுத்து மட்டும் கவனமாகக் கேட்டு வாங்கினார்கள்.

துறைமுகத்தில் நிலைமை இதைவிட மேல். சென்னைத் துறைமுகத்தின் வாயில்களைக் காப்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. நுழைவு அனுமதி, ரேடியோ அலை மூலம் கருவி படிக்கும் ஆர்எஃப்ஐடி முறையில் இயங்குவதால், காலாவதியான அனுமதியைக் கருவியே தடுத்துவிடும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. மீனம்பாக்கத்துச் சரக்கு வளாகத்துக்கோ சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் நுழைவு அனுமதி தனியாக வேண்டும். அதற்கும் பின்புலச் சோதனை உண்டு, பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியும் உண்டு, எந்தெந்தப் பகுதிக்குள் போகலாம் என்பது எழுத்துக் குறிகளாக அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மூன்றிலும் எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி அம்சம். சுங்க அட்டை ஒருவரின் தகுதியை மட்டும் சொல்கிறது, எங்கே போகலாம் என்று சொல்வதில்லை; விமான நிலைய அட்டை இடத்தையும் வரையறுத்துவிடுகிறது. ஆனால் கடல்வழிச் சரக்கையும் வான்வழிச் சரக்கையும் ஒரே ஊழியர் பார்த்தால், அதே ஆளின் பின்புலத்தை வெவ்வேறு அலுவலகங்கள் தனித்தனியாகச் சோதிக்கின்றன. ஒரு அலுவலகம் பெற்ற விடையை மற்றொன்று ஏற்பதில்லை, காலாவதித் தேதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. எங்கள் அலுவலகச் சுவரில் இதற்கென்றே ஒரு நாட்காட்டி தொங்குகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். காவல்துறைச் சான்றுக்கு நிறுவனம் விண்ணப்பிக்கட்டும் என்று காத்திராமல் 500 ரூபாய் கட்டி நீங்களே முதலில் விண்ணப்பித்துப் பாருங்கள். முகவரியில் சிக்கல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சுங்க விண்ணப்பத்துக்கு நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்து எடுத்த சான்றுதான் வேண்டும் என்று சில முதலாளிகள் கேட்பதுண்டு. அதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். எச் கார்டோடு ஆண்டுக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். அது உதவியாளருக்கான அட்டை, ஆவணங்களில் தரகர் சார்பாகக் கையெழுத்திடும் பொறுப்பு அதைக் கொண்டு வராது. வேறு இடம் தேடும்போது கையில் கொண்டுபோக அதில் எதுவும் இல்லை. தேர்வு அறிவிப்பு வந்ததும் ஜி கார்டுக்கு எழுதிவிடுங்கள். வேலையை விடும் நாளில் அட்டையை ஒப்படைத்ததற்கு எழுத்துமூலமான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்; புதிய தரகரின் விண்ணப்பத்தோடு அதன் நகலை இணைத்தால், பழைய அட்டை என்ன ஆயிற்று என்ற கேள்விக்காகக் கோப்பு திரும்பி வராது.