புரொஜெக்டரா, டிவியா?

மேலூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் கேட்டது: நன்கொடை கிடைத்திருக்கிறது, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பாடம் நடத்த எதை வாங்கலாம்?

வெளிச்சம்: மதுரை வெயிலில் சன்னலை அடைத்தால் பிள்ளைகள் அவிந்துபோவார்கள், திறந்தால் புரொஜெக்டர் படம் வெளுத்துவிடும். டிவிக்கு இந்தத் தொல்லை குறைவு. எனக்கு இதிலேயே பாதி முடிவாகிவிட்டது.

அளவு: 43 அங்குல டிவியில் வரைபடத்தின் பொடி எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. புரொஜெக்டருக்குச் சுவரே திரை.

பராமரிப்பு: பல்பு வைத்த புரொஜெக்டர் நாளாக ஆக மங்கும், ஃபில்டரில் சாக்பீஸ் தூசி வேறு அடையும். டிவியைத் துடைத்தால் போதும்.

பாடம்: இரண்டிலும் ஒன்றுதான். 2018 முதல் வந்த பாடநூல்களின் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, வீடியோவை முந்தின நாளே இறக்கி வையுங்கள். சிக்னலை நம்பாதீர்கள்.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறை என்றால் டிவி. மூன்று வகுப்பையும் ஹாலில் சேர்த்து உட்காரவைப்பதாக இருந்தால் மட்டும் புரொஜெக்டர்.