பேடில் வைத்த போனும் 7300 எம்ஏஎச் போனும்

முன்பு என்னிடம் இருந்த போனுக்குக் கண்ணாடி முதுகு, 15 வாட் வயர்லெஸ் சார்ஜிங், 4000 எம்ஏஎச்சுக்குக் கொஞ்சம் குறைவான பேட்டரி. இப்போது இருப்பதற்கு பிளாஸ்டிக் முதுகு, 7300 எம்ஏஎச் பேட்டரி. வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது. முதல் போனை மூன்று வருடத்துக்குப் பக்கமாக ஓட்டினேன். இரண்டாவது வந்தபின் சென்னையில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன. மாடல் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. எந்த போன் வாங்கலாம் என்பதற்கான ரிவ்யூ அல்ல இது. வயர்லெஸ் சார்ஜிங்கா, பெரிய பேட்டரியா என்ற கேள்விக்கு என் அனுபவம், அவ்வளவுதான்.

முதலில் வயர்லெஸ் சார்ஜிங்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஆபீஸ் மேஜையில் அதற்கு ஈடு இல்லை. உட்கார்ந்தால் போன் பேடில் (மேலே வைத்தாலே சார்ஜ் ஏற்றும் தட்டு), மீட்டிங்குக்கு எழுந்தால் கையில். கேபிளைத் தேடுவது, பிடுங்குவது என்ற வேலையே இல்லாமல் மதியத்துக்குள் இருபது, இருபத்தைந்து சதவீதம் ஏறியிருக்கும். இன்னொரு லாபம், சார்ஜிங் போர்ட் தேயாமல் இருந்தது. அதற்கும் முந்தைய போனில் போர்ட்டுக்குள் பஞ்சு அடைத்து, கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை வந்திருந்தது. இந்த போனை அப்பாவுக்குக் கொடுக்கும்போதும் போர்ட் புதிதுபோலவே இருந்தது.

மேஜையை விட்டு நகர்ந்தால் கதை வேறு. படுக்கைப் பக்கத்து பேடில் தூக்கக் கலக்கத்தில் வைப்போம். போனில் இருக்கும் காயிலும் (கம்பிச்சுருள்) பேடில் இருக்கும் காயிலும் நேருக்கு நேர் இருந்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் போகும். ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ குட் மார்னிங் போட, போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துவிடும். காலையில் பார்த்தால் 31 சதவீதம். இந்தத் தொல்லைக்காகத்தான் 2020இல் ஐபோன் 12இல், காந்தத்தால் போனைப் பிடித்துக்கொள்ளும் மேக்சேஃப் என்ற வயர்லெஸ் சார்ஜிங் முறை வந்தது. அதை அடிப்படையாக வைத்து 2023இல் சீ2 (Qi2) என்ற பொதுவான வயர்லெஸ் சார்ஜிங் தரம் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆண்ட்ராய்டில் காந்தத்தை உள்ளேயே வைத்துத் தருபவை இன்னும் சில போன்கள்தான். 2025இல் வந்த பிக்சல் 10 அதில் ஒன்று. மற்றவற்றுக்குக் காந்தம் வைத்த கேஸ் தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று, நம்மில் பாதிப் பேர் மெட்ரோ கார்டை பேக் கவருக்குள் செருகி வைத்திருக்கிறோம். பேடில் வைக்கும் முன் அதை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கார்டில் இருக்கும் சிப் கெட்டுப்போகலாம். தினம் எடுத்துவிட்டு வைக்கிற பொறுமை இருந்தால் கேபிளையே செருகிவிடலாமே!

மின்சாரம் வீணாகிறது என்று பலர் குறை சொல்கிறார்கள். வீணாவது உண்மைதான், கால் பங்குக்கு மேல்கூடப் போகலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி என்பது சுமார் 19 வாட்-அவர். தினமும் பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஏற்றினாலும் வயரில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது யூனிட், வயர்லெஸ்ஸில் பத்து, பதினொன்று. முதல் 100 யூனிட்டை இலவசமாக வாங்குகிற ஊரில் இதைப் பேசவே தேவையில்லை.

பேச வேண்டியது, அந்த வீணான மின்சாரம் எங்கே போகிறது என்பது. அது சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி போனின் முதுகில், பேட்டரிக்கு ஒட்டினாற்போல உட்காருகிறது. மே மாதம், ஏசி இல்லாத அறை, தடிமனான கேஸ். கையில் எடுத்தால் இஸ்திரி போட்ட சட்டைபோல இருக்கும். சூடு ஓர் அளவைத் தாண்டினால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும், சில சமயம் நிறுத்தியும்விடும். காரில் டேஷ்போர்டு ஹோல்டரில் வைத்து மேப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால், சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, நூறு சதவீதத்திலேயே நிற்பது. ராத்திரி முழுக்க பேடில் கிடக்கும் போனுக்கு இரண்டுமே கிடைக்கின்றன. இரண்டாம் வருட முடிவில் என் போன் மாலை வரைகூடத் தாங்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. டவரும் பாதி செத்துக் கிடந்ததால், சிக்னலைத் தேடித் தேடியே போன்கள் பேட்டரியைத் தின்றன. பேடை அலமாரியில் போட்டுவிட்டு பவர் பேங்கில் கேபிளைச் செருகினேன். அடுத்த போனில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி என்று முடிவானது அந்த வாரத்தில்தான்.

சரி, 7300க்கு வருவோம். இரண்டு நாள் வருமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கொஞ்சமாகப் பயன்படுத்தினால் வரலாம்; நான் பயன்படுத்துகிற விதத்தில் ஒன்றரை நாள் தாராளமாக வருகிறது. ஆனால் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது அதுவல்ல. 80 சதவீதத்தில் சார்ஜிங்கை நிறுத்தும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. பழைய போனில் அதைப் போட்டால் கையில் மிஞ்சுவது 3200 எம்ஏஎச்கூட இல்லை. சாயங்காலம் தாண்டாது, அதனால் போட்டதே கிடையாது. புதிய போனை 20இலிருந்து 80க்குள் மட்டுமே ஓட்டினாலும் புழங்குவது 4380. பழைய போனின் முழு பேட்டரியைவிட அதிகம்! பேட்டரியை வதைக்காமல் வைத்துக்கொள்ளும் வசதி பெரிய பேட்டரிக்காரனுக்குத்தான் கிடைக்கிறது. காலையில் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் வயரில் அந்த அறுபது சதவீதம் ஏறிவிடுகிறது. ராத்திரி சார்ஜ் போடும் பழக்கமே போய்விட்டது. திருநெல்வேலிக்கு ஆம்னி பஸ் ஏறும் நாளில் மட்டும் நூறுவரை ஏற்றிக்கொள்வேன். சீட்டில் சார்ஜிங் பாயிண்ட் வேலை செய்கிறதா என்று இப்போதெல்லாம் பார்ப்பதுகூட இல்லை.

இவ்வளவு பெரிய பேட்டரி என்றால் செங்கல்போல இருக்குமே என்று நினைக்க வேண்டாம். 2020இல் 7000 எம்ஏஎச்சோடு வந்த கேலக்ஸி எம்51 213 கிராம் இருந்தது. இப்போது 7300 இருந்தும் 8 மி.மீ. தடிமனுக்குள், 200 கிராமை ஒட்டி அடக்குகிறார்கள். சிலிக்கான்-கார்பன் ஆனோடுதான் காரணம். ஆனோடு என்பது சார்ஜ் ஏறும்போது லித்தியத்தைப் பிடித்து வைக்கும் முனை. வழக்கமாக அதில் இருக்கும் கிராஃபைட் ஒரு கிராமுக்கு அதிகபட்சம் 372 எம்ஏஎச் பிடிக்கும், சிலிக்கான் சுமார் 3600. ஆனால் தனிச் சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது மும்மடங்குக்கு மேல் உப்பும். அதனால்தான் கார்பனோடு கலந்து அளவாகச் சேர்க்கிறார்கள். நான்காம் வருடத்தில் இது எப்படி இருக்கும் என்பதை நான்காம் வருடத்தில்தான் எழுத முடியும்.

சாம்சங் தன் கேலக்ஸி எஸ் அல்ட்ரா வரிசையில் 2020இலிருந்து 2025 வரை 5000இலேயே நின்றதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் 20 வாட்-அவரைத் தாண்டினால் அனுப்பும்போது ஆபத்தான சரக்குக்கான கெடுபிடி கூடிவிடும். 5000 எம்ஏஎச் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. சீன நிறுவனங்கள் சில, பேட்டரியை இரண்டு செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றன.

இதுவா அதுவா என்பது உண்மையில் விலையால் வந்த சண்டை. ஒன்பிளஸ் 15இல் 7300 எம்ஏஎச்சும் 50 வாட் வயர்லெஸ் சார்ஜிங்கும் சேர்ந்தே இருக்கின்றன, ஆனால் 2025இல் வந்தபோதே விலை எழுபதாயிரத்துக்கு மேல். முப்பதாயிரத்துக்குள் பார்க்கிறவர் பெரும்பாலும் ஒன்றை விட்டுக்கொடுத்துதான் ஆக வேண்டும். வெளியில் அலைகிற வேலை, பைக், பஸ், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இதெல்லாம் உள்ளவர் யோசிக்காமல் பேட்டரியை எடுக்கலாம். நாள் முழுக்க ஒரே மேஜையில் இருப்பவருக்கு 7300 எதற்கு?

அப்புறம், வயதானவர்கள். அப்பாவுக்குக் கை லேசாக நடுங்கும். டைப்-சி பின்னை அந்தச் சின்ன ஓட்டைக்குள் செருகுவது அவருக்குப் பெரிய வேலை. பழைய போனோடு நிற்க வைக்கும் மாதிரி வயர்லெஸ் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் தடுப்பு இருப்பதால் போன் நகராது, காயில் தானாகவே நேராக வந்து நிற்கும். வீட்டிலேயே இருப்பதால் பேட்டரி தேய்ந்ததும் அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. அவருடைய ஒரே புகார், அந்த ஸ்டாண்டின் நீல விளக்கு ராத்திரி கண்ணைக் குத்துகிறது என்பது. அம்மா அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டார்.