பாக்கிப் பணமா, இரத்தப் பழியா?
நிழலுலகத்தைத் தனியாளாக எதிர்க்கும் இரண்டு பேர். 'பாயிண்ட் பிளாங்க்' (1967) படத்தில் லீ மார்வின் நடித்த வாக்கருக்கு 93,000 டாலர் வந்தாக வேண்டும். 'கெட் கார்ட்டர்' (1971) படத்தில் மைக்கேல் கெய்ன் நடித்த ஜாக்குக்கு உடன்பிறந்தவனின் சாவுக்குக் கணக்குத் தீர்த்தாக வேண்டும்.

வாக்கர் மோதும் கும்பல் ஒரு பெரிய நிறுவனம்போல இயங்குகிறது. பணத்தைக் கேட்டால் ஒவ்வொருவனும் மேலே இருப்பவனைக் கைகாட்டுகிறான். ரொக்கம் யாரிடமும் இல்லை. ஏறக்குறைய நகைச்சுவைதான்! இயக்குநர் ஜான் பூர்மன் ஓசையாலேயே மிரட்டுகிறார்: நீண்ட நடைபாதையில் வாக்கர் வைக்கும் காலடிகள், காட்சி மாறிய பின்னும் நம் காதில் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

'கெட் கார்ட்டர்' இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் காட்டும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அந்தப் பெருநிறுவனப் பளபளப்பு கிடையாது. அழுக்கேறிய தெருக்கள், கரி கலந்த கடற்கரை. ஜாக் அதே குற்ற உலகத்தின் கூலியாள். அதனால்தான், இறந்தவனின் மகளுக்கு நேர்ந்ததை ஒரு படச்சுருளில் பார்த்து அவன் ஓசையில்லாமல் அழும்போது நமக்கு அவன்மேல் இரக்கமும் வருகிறது, அருவருப்பும் வருகிறது.

உத்திக்காக முதல் படத்தை எத்தனை முறையும் பார்ப்பேன். இரண்டாவதை மறுபடி பார்க்கத் துணிவு வேண்டும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான்.