இந்தியா–ஜப்பான் நெருக்கம்: சீனாவா, பணமா?

இரண்டும்தான் காரணம், ஆனால் எடை வேறு.

பணம் பழைய கதை. டெல்லி மெட்ரோவும் சென்னை மெட்ரோவும் பெருமளவு ஜப்பான் கடனுதவியால் எழுந்தவை. மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு 0.1 சதவீத வட்டி, 50 ஆண்டுத் தவணை. வேறு யார் கொடுப்பார்கள்? ஆனாலும் 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அதே ஜப்பான்தான் புதிய கடன்களை நிறுத்தியது.

சீனா பற்றிய கவலை அப்படி நின்றுபோகிற சமாசாரம் இல்லை. அங்கே ஜப்பான் வசமுள்ள, சீனா உரிமை கோரும் சென்காகு தீவுகள்; இங்கே 2020-இல் இந்திய, சீன வீரர்கள் மோதிய லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கு. 2015 முதல், இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கிய மலபார் கூட்டுக் கடற்படைப் பயிற்சியில் ஜப்பான் நிரந்தரப் பங்காளி. அப்புறம், ஹிரோஷிமாவைச் சுமக்கும் நாடே 2016-இல் இந்தியாவோடு அணுசக்தி ஒப்பந்தம் போட்டது. வெறும் வணிகத்துக்காக அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்காது. வணிகமோ, இந்தியா சீனாவோடு செய்வதில் கால்பங்குகூட இல்லை.